திரும்பி வந்த தட்டு

அத்தியாயம் 11

எண்பத்தைந்து கிராம் உள்ளே போனது. எண்பத்து நான்கு கிராம் திரும்பி வந்தது.

டயட் அம்மா தட்டைத் தராசிலிருந்து எடுத்து, அடியைத் துடைத்து, மறுபடியும் வைத்துப் பார்த்தாள். எண்பத்து நான்குதான். அந்த ஒரு கிராமும் பூனையின் வயிற்றுக்குள் போகவில்லை. ராத்திரி முழுக்கத் திறந்து கிடந்ததில் காற்றில் காய்ந்திருக்கும். முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரிச் சமையலறையில் தட்டுகளை எடை பார்த்தவளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா?

இந்தத் தொடரை இன்றைக்குத்தான் கையில் எடுக்கிறவர்களுக்காக நாலு வரி. மற்றவர்கள் தாவிக்கொள்ளலாம். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எந்த நோயாளிக்கு என்ன சாப்பாடு, எத்தனை கிராம் என்று எழுதிக்கொடுப்பவள் இந்த அம்மாள். வாட்ச்மேனிலிருந்து பெரிய டாக்டர் வரை அவளுக்கு 'டயட் அம்மா' என்றுதான் பெயர். கணவர் லிஃப்ட் மெக்கானிக். அதே ஆஸ்பத்திரியில் நாற்பத்திரண்டு நாள் படுத்திருந்து, பதினோரு மாதத்துக்கு முன் போய்ச் சேர்ந்தார். ஒரே மகள், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள், வயது முப்பத்து மூன்று ஆகியும் வீட்டில் 'பாப்பா'. அப்பாவை அம்மா அளந்து அளந்து பட்டினி போட்டுவிட்டாள் என்பது அவள் கட்சி. ஐந்து மாதமாக இந்தப் பக்கம் வரவில்லை, போனும் இல்லை.

போன வாரம் ஒரு வாசகியும் மகள் கட்சியில் சேர்ந்துகொண்டு எழுதியிருந்தார், புருஷனுக்கு வயிறு நிறையப் போடாதவளுக்குப் பூனை ஒரு கேடா என்று. கொஞ்சம் பொறுங்கள், அம்மா.

பூனை வந்தது வியாழக்கிழமை. ஆதரவற்ற பிராணிகளை வைத்துப் பராமரிக்கும் இடத்திலிருந்து, கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தாள். எட்டு வயது, சாம்பல் நிறம், மூன்று கிலோ எண்ணூறு. வளர்த்தவர் முதியோர் இல்லத்துக்குப் போக, அங்கே பூனைக்கு அனுமதி இல்லை. எதற்குப் பூனை என்று எதிர் வீட்டுக்காரர் கேட்டபோது, எலித் தொல்லை என்றாள். மூன்றாவது மாடிக்கு எலி லிஃப்டில் வந்தால்தான் உண்டு. அந்த லிஃப்டோ, பழுது பார்க்க அவர் இல்லாமல் போனதிலிருந்து ஓடவே இல்லை.

பெயரொன்றும் வைக்கவில்லை. 'புது அட்மிஷன்' என்று ஒரு தாளில் எழுதி, நேரம், அளவு, மிச்சம் என்று கட்டம் போட்டாள். அதிலிருந்து அட்மிஷன் என்பதே பெயராகிவிட்டது.

பூனைக்கு என்ன போடுவது என்பதை முடிவு செய்ய அவளுக்கு மூன்று சாயங்காலம் ஆகியிருந்தது. ஒன்பது வகை ஈர உணவின் லேபிள்களை வரிவரியாகப் படித்தாள். பாக்கெட்டுக்கு முன்னால் இருக்கும் படத்தைப் பார்த்து வாங்குகிற ஆளா அவள்? முதலில் தண்ணீரைக் கழித்தாள். நூறு கிராமில் எண்பது கிராம் தண்ணீர் இருக்கும்போது பத்து சதவீதப் புரதம் என்று எழுதியிருந்தால், அது உண்மையில் பாதிக்குப் பாதி. பிறகு இறைச்சி முதல் இடத்தில் இருக்கிறதா, சுண்ணாம்புச் சத்து சரியா, பூனையின் இதயத்துக்கும் கண்ணுக்கும் தேவையான டாரின் சேர்த்திருக்கிறதா என்று பார்த்தாள். கடைசியில் 'முழு உணவு' என்று தெளிவாக அச்சடித்த ஒரு கோழிக்கறி பாக்கெட்டைத் தேர்ந்தெடுத்தாள். எண்பத்தைந்து கிராம், நாளைக்கு மூன்று. காலை ஆறு, மதியம் ஒன்று, மாலை ஏழு.

சாப்பாட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சாப்பிட வேண்டியதுதான் சாப்பிடவில்லை. கட்டிலுக்கு அடியில், கணவரின் பழைய கருவிப் பையின் மேல் சுருண்டு படுத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. வியாழன், வெள்ளி, சனி என்று தட்டு போன மாதிரியே திரும்பி வந்தது. இன்று ஞாயிறு.

அவள் நாலு நாள் லீவு போட்டிருந்தாள். அந்த நாலு நாளில் அவள் வாய் திறந்து பேசியது எதிர் வீட்டுக்காரரிடம் ஒரு தரம், பால் கடையில் ஒரு தரம், மீதியெல்லாம் கட்டிலுக்கு அடியில் குனிந்து. பூனை ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. ஆனாலும் வீட்டில் இன்னொரு மூச்சு இருக்கிறது என்பது அவளுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அதுவும் போய்விடுமோ என்று சனிக்கிழமை ராத்திரி அவள் தூங்கவில்லை.

ஒன்பது மணிக்குப் பூனை டாக்டர் போனில் கிடைத்தார். எப்போதிருந்து, தண்ணீர் குடிக்கிறதா, வாந்தி உண்டா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, முன்னால் என்ன சாப்பிட்டுக்கொண்டிருந்தது என்றார்.

டயட் அம்மா சொன்னாள். பழைய சாப்பாடு ஒரு மீன் டப்பா. பூனையோடு இரண்டு டப்பாவைக் கொடுத்தனுப்பினார்கள். பொடி எழுத்தில் பார்த்தால், 'துணை உணவு, இதை மட்டும் அன்றாடம் கொடுக்க வேண்டாம்' என்று போட்டிருந்தது. நாலு மீன் துண்டு, ஜெல்லி, வாசனை. அவ்வளவுதான் சரக்கு.

"அது சரிம்மா. அதை எப்ப நிறுத்தினீங்க?"

"முதல் நாளே."

"கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சா?"

"இல்ல. முழுசா."



ஆஸ்பத்திரியில் அப்படித்தான் வழக்கம். நோயாளி சேர்ந்த நிமிஷத்தோடு வீட்டுச் சாப்பாடு சரி. வாசலிலேயே தூக்குப் பாத்திரத்தை வாங்கி வைத்துவிடுவார்கள், உள்ளே ஆஸ்பத்திரித் தட்டு மட்டும்தான். முப்பத்தொரு வருஷமாக அந்தச் சட்டத்தைக் கட்டிக்காத்தவள், பூனைக்கும் அதையே போட்டாள். இரண்டு மீன் டப்பாவும் வியாழக்கிழமை சாயங்காலமே குப்பைக்குப் போய்விட்டன.

பூனை மனுஷன் மாதிரி இல்லை என்றார் டாக்டர். பழகாததைத் தொடுவதைவிடப் பட்டினி கிடக்கும். பட்டினி மூன்று நாளைத் தாண்டினால் உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் போய்ப் படியும். அப்புறம் அதுவாக நினைத்தாலும் சாப்பிட முடியாது. பழையது முக்கால் பங்கு, புதியது கால் பங்கு என்று ஆரம்பித்து, பத்து நாளில் மாற்ற வேண்டும்.

"நாலு மணி வரைக்கும் பாருங்க. ரெண்டு ஸ்பூனாவது உள்ள போகணும். இல்லேன்னா தூக்கிட்டு வந்துடுங்க, குழாய் போட்டுத்தான் குடுக்கணும்."

போனை வைத்ததும் டயட் அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். குழாய் போட்ட நோயாளிகளுக்குத் தட்டு போகாது, தட்டு திரும்பியும் வராது. அவர்களைப் பற்றி அவளுக்கு ஒன்றுமே தெரியாமல் போகும்.

பூனையைக் கொடுத்த இடத்தில் போனை எடுக்க ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை. பக்கத்துத் தெருவில் இருந்த இரண்டு கடைக்கும் நடந்து போய்க் கேட்டாள். அந்த மீன் டப்பா இல்லை, அதைவிட நல்லது இருக்கிறது என்று ஒரு கடைக்காரர் எடுத்துக்காட்டினார். அவள் தேர்ந்தெடுத்த அதே பாக்கெட்.

இனி ஒரே வழிதான் இருந்தது. போனில் 'பாப்பா' என்ற பெயருக்கு நேராக விரலை வைத்துக்கொண்டு, என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று யோசித்தாள். யோசித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

"கார் வேணும்" என்றாள்.

"யாருக்கு என்ன?"

"பூனைக்கு."

"நீ பூனை வளக்கறியா?"

"வியாழக்கிழமையிலேருந்து. சாப்பிட மாட்டேங்குது."

மறுமுனையில் ஒரு மூச்சு. "அதுவுமா?" என்றாள் மகள்.

அந்த 'உம்' எங்கே குத்த வேண்டுமோ அங்கே குத்தியது. ஆனால் பத்தரைக்கெல்லாம் கீழே ஹாரன் கேட்டது. கோபம் கோபமாக இருந்தாலும் கார் காராக வந்துவிட்டது.

மகள் மேலே வரவில்லை. தலையில் 'பழகுநர், இடைவெளி விடவும்' என்று பலகை வைத்த அந்தக் காரில் அம்மா ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடம், வழக்கமாக மகள் உட்காரும் ஆசிரியர் இருக்கை. அங்கேயும் காலடியில் ஒரு பிரேக் உண்டு.

மூன்று கடை ஏறி இறங்கினார்கள். முதல் கடையில் அந்த டப்பாவே வருவதில்லை. இரண்டாவதில் தீர்ந்துபோயிருந்தது. மூன்றாவது கடைக்காரப் பெண் முகத்தைச் சுளித்து, அதெல்லாம் சத்தே இல்லாத சாப்பாடு அம்மா, எதற்குக் கேட்கிறீர்கள் என்றாள். டயட் அம்மா வாழ்நாளில் எத்தனை பேரிடம் இதே வார்த்தையைச் சொல்லியிருப்பாள். ஆனைக்கு ஒரு காலம் என்றால் பூனைக்கு ஒரு காலம். தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தாள்.

கார் கிளம்பியதும் மகள் ஆரம்பித்தாள். ரோட்டைப் பார்த்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல் பேசினாள். பழகியதைப் பட்டென்று பிடுங்கினால் உயிருள்ளது எதுவும் தாங்காது என்றாள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவர்களிடம் என்ன பேசுவது என்றாள்.

"அப்பாவுக்கும் இதையேதான் பண்ணின. ராத்திரி அந்த சூப் ஒண்ணைத்தான் ஆசையாக் குடிச்சாரு. ஒன்பதாம் நாள் அதையும் நிறுத்தின."

கார் நடுரோட்டில் குலுங்கி நின்றது. பின்னால் வந்தவன் ஹாரனை விடாமல் அடித்தான்.

"அம்மா, அது நிஜ பிரேக். காலை எடு."

அம்மா காலை எடுத்தாள். அதன் பிறகு வழி முழுக்க இரண்டு காலையும் பின்னுக்கு இழுத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். ஒன்பதாம் நாளைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

டப்பா கடைசியில் ஒரு பெட்ரோல் பங்க் கடையில் கிடைத்தது. பேட்டரிக்கும் ஷூ பாலீஷுக்கும் நடுவில், தூசி படிந்து, மூன்றே மூன்று. டயட் அம்மா முந்தானையால் தூசியைத் துடைத்துவிட்டுக் கண்ணாடியைத் தேடினாள்.

"படிக்காதே, எடு" என்றாள் மகள்.

மூன்று மாடி ஏறி வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்றரை. ஐந்து மாதத்துக்குப் பிறகு மகள் வாசலைத் தாண்டினாள். சாப்பாட்டு மேஜை சுவரோடு ஒட்டிப் போடப்பட்டிருந்தது. மூன்று நாற்காலிகளில் ஒன்றுதான் மேஜையருகில் இருந்தது. மற்ற இரண்டும் ஜன்னல் ஓரமாகப் பழைய பேப்பரைச் சுமந்துகொண்டிருந்தன. பாத்திரம் கவிழ்க்கும் இடத்தில் ஒரு தட்டு, ஒரு தம்ளர், ஒரு ஸ்பூன். ஃபிரிட்ஜைத் திறந்தால் வரிசையாகச் சின்ன டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் ஒட்டிய சீட்டு. ஞாயிறு மதியம், நூற்றெண்பது கிராம். ஞாயிறு இரவு, நூற்றைம்பது கிராம். அம்மா தனக்கே எழுதிக்கொண்டது.

மகள் ஃபிரிட்ஜை மூடினாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். அப்பாவின் பையின் மேல் பூனை படுத்திருந்தது.

நாற்பத்தைந்து கிராம் பழையது, பதினைந்து கிராம் புதியது. தராசில் வைத்து, கலந்து, மீசை இடிக்காத அகலத் தட்டில் பரப்பிக் கொண்டுபோய் வைத்தார்கள். பூனை மூக்கை நீட்டியது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டது. இரண்டு மணி ஆயிற்று, இரண்டரை ஆயிற்று. தட்டை மாற்றினார்கள், இடத்தை மாற்றினார்கள். டயட் அம்மா தரையில் மண்டி போட்டு, கையில் தாளும் பென்சிலுமாகக் கட்டிலுக்கு அடியிலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்கு மகள் தட்டை எடுத்து விரலால் தொட்டாள்.

"ஐஸ் மாதிரி இருக்கேம்மா."

ஆஸ்பத்திரிப் பழக்கம்தான். திறந்த உணவு உடனே குளிர்ப்பெட்டிக்குள் போக வேண்டும். புதிய பாக்கெட், திறந்த டப்பா, கலந்த தட்டு என்று எல்லாவற்றையும் அவள் ஒவ்வொரு தடவையும் உள்ளே வைத்து வைத்து எடுத்திருந்தாள். மீன் வாசனையே எழும்பவில்லை.

மகள் ஒரு அகலப் பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி, தட்டை அதன் மேல் வைத்து, ஜெல்லி இளகும்வரை கிளறினாள். வீடு முழுக்க மீன் நாறியது. கொண்டுபோய் வைத்துவிட்டு அம்மாவின் தோளைத் தொட்டாள். வந்ததிலிருந்து அவள் அம்மாவைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் மாதிரி நிக்காதே. நீ பாத்தா அது எப்படிச் சாப்பிடும்? வா."

பூனையைத் தூக்கிப் போகும் கூடை வாசலில் தயாராக இருந்தது. மணி மூன்று இருபது. கிளம்புவதற்குள் ஒரு வாய் டீ குடிக்கலாம் என்று மகள் அடுப்பைப் பற்ற வைத்தாள். எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று கை இன்னும் மறக்கவில்லை. இரண்டு தம்ளரில் ஊற்றினாள். ஒன்றில் சர்க்கரை ஒரு ஸ்பூன் போட்டாள், இரண்டாவது ஸ்பூனும் போட்டாள். போட்ட பிறகு ஸ்பூனையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு ஸ்பூன் அப்பாவின் கணக்கு.

"அம்மா, ஒண்ணு சொல்லணும்."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆஸ்பத்திரியில நான் அப்பாவுக்கு டீ குடுத்தேன். பிளாஸ்க்குல. தினமும் அஞ்சு மணிக்கு, சர்க்கரை போட்டு." அவள் ஸ்பூனைத் தம்ளருக்குள் போட்டாள். "நீ சர்க்கரை ஏறுது ஏறுதுன்னு சொல்லிக்கிட்டே இருந்த. நான் குடுத்துக்கிட்டே இருந்தேன்."

பதினோரு மாதமாக அவள் நெஞ்சில் கிடந்த கல் இதுதான். அம்மா பட்டினி போட்டாள் என்று அவள் எவ்வளவு சத்தமாகச் சொன்னாளோ, அவ்வளவுக்கு இந்தப் பிளாஸ்க்கின் பேச்சு அவள் காதில் விழாமல் இருந்தது. கோபம் பெரும்பாலும் அம்மா மேல் இல்லை.

டயட் அம்மா எழுந்தாள். அடி இழுப்பறையைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நாற்பத்திரண்டு தாளில் ஒன்பதாவதைப் பிரித்து மகளுக்கு முன்னால் வைத்தாள்.

அவள் கையெழுத்துதான். 'மாலை 5: டீ 150 மி.லி., சர்க்கரை 2 ஸ்பூன்.' அதற்குக் கீழே, 'இரவு சூப் 150 மி.லி. நிறுத்தம். ரொட்டி இரண்டுக்குப் பதில் ஒன்று.'

பத்தாவது தாளிலும் அந்த டீ இருந்தது. பதினொன்றிலும், பன்னிரண்டிலும்.

"எப்படித் தெரியும்?"

"தட்டோட உன் பிளாஸ்க் மூடி வந்துச்சு. கை தொடைக்கிற பேப்பருக்கு அடியில ஒளிச்சு வெச்சிருந்தாரு. பூனை கண்ணை மூடிக்கிட்டா பூலோகம் இருண்டுடுமா?"

மகளுக்கு நினைவு வந்தது. மூடி ஒரு நாள் காணாமல் போனது. மறுநாள் கட்டிலுக்கு அடியில் கிடந்ததாக அப்பா எடுத்துக் கொடுத்தார். சுத்தமாகக் கழுவியிருந்தது.

"அங்க வெக்கச் சொல்லி நான்தான் குடுத்தனுப்பினேன்" என்றாள் அம்மா. "ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணிதான்னு அவருக்கு அளவு இருந்துது. டீக்கு இடம் வேணும்ல. சூப்பை எடுத்தேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்தியிருப்பே. அந்த அஞ்சு மணிக்காகத்தான் அவரு மத்ததெல்லாம் சாப்பிட்டாரு. திரும்பி வர்ற தட்டுல தெரிஞ்சுது."

கொதித்து அடங்கிய பாத்திரத்தில் டீத்தூள் மட்டும் மிஞ்சியிருந்தது. மகள் அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அதுக்கப்புறமாவது சொல்லியிருக்கலாமே. ஆறு மாசம் உன்னை அந்தத் திட்டுத் திட்டினேனே."

டயட் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைக்கும்படியாக அதில் ஒன்றும் இல்லை.

"திட்டறதுக்காவது போன் பண்ணின" என்றாள். "அப்புறம் அதுவும் நின்னுபோச்சு."

 மகள் தாள்களைப் புரட்டிக்கொண்டே போனாள். நாட்கள் போகப் போக, 'மிச்சம்' என்ற கட்டத்தில் எண்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன. கடைசித் தாளில் வந்து நின்றாள். அன்றைக்கு மாலை ஐந்து மணி டீயில் மிச்சம் தொண்ணூறு. அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது.

'இரவு 7.30: டீ 150 மி.லி., சர்க்கரை 2 ஸ்பூன். மிச்சம் 150.'

"ஏழரைக்கு நான் அங்க இல்லையே. வீட்டுக்கு வந்துட்டேன்."

"நான் போனேன்."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். டயட் அம்மா எந்த நோயாளிக்கும் தன் கையால் தட்டு கொண்டுபோனதில்லை. எழுதுவாள், அனுப்புவாள், திரும்பி வந்ததை எடை பார்ப்பாள். வார்டுக்குள் கால் வைக்க மாட்டாள். அப்பாவைப் பார்க்கக்கூடப் பார்வை நேரத்தில் வெறுங்கையோடு வந்து போனதோடு சரி.

"நானும் ஒரு தடவை குடுக்கணும்னு தோணிச்சு. போட்டு எடுத்துட்டுப் போனேன். தூங்கறாருன்னு நினைச்சு, கொஞ்சம் ஆறட்டும்னு பக்கத்துல உட்கார்ந்திருந்தேன்."

"எவ்வளவு நேரம்மா?"

"ஆறிப்போற வரைக்கும்."

கடிகாரத்தில் மூன்று ஐம்பது. கிளம்ப வேண்டிய நேரம். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. உள்ளறையில், தரையில், பீங்கான் தட்டை ஏதோ சின்னதாகத் தேய்ப்பது போல. நின்றது. மறுபடியும் கேட்டது. மகள் அம்மாவின் கையைப் பிடித்து அழுத்தினாள், அசையாதே என்று. அசைகிற எண்ணம் அம்மாவுக்கு இல்லை. தாளும் பென்சிலும் கட்டிலருகிலேயே கிடந்தன. அவள் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு பூனை சாப்பிடுவதைக் காதால் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நாலேகாலுக்கு டாக்டரிடம் சொன்னார்கள். முப்பத்தெட்டு கிராம் உள்ளே போயிருந்தது. குழாய் வேண்டாம் என்றார் டாக்டர். ஆனால் இதே கலவை மூன்று நாள் தொடர வேண்டும், ஒரு வேளை தப்பக் கூடாது, ஒவ்வொரு வேளையும் சுடச்சுட இல்லாமல் வெதுவெதுப்பாக யாராவது வைக்க வேண்டும், சாப்பிட்டதா என்று பார்க்க வேண்டும். நாளை மறுநாளைக்குள் மறுபடியும் நிறுத்திவிட்டால் அப்புறம் யோசிக்க நேரம் இருக்காது.

டயட் அம்மாவின் லீவு இன்றோடு முடிகிறது. நாளை காலை ஐந்தரைக்கு டியூட்டி, வீடு திரும்ப மூன்றாகும்.

மகள் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள், ஐந்து மணிக்கு ஒரு வகுப்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டு.

"நாளைக்கு மத்தியானம் ஒரு மணிக்கு யாரு இருப்பா?"

"பாத்துக்கலாம்."

"யாரு பாத்துப்பா?"

 வா என்று கூப்பிட அம்மாவுக்கு வாய் வரவில்லை. கூப்பிட்டு, வராமல் போய்விட்டால் அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? மகளும் வருகிறேன் என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு படியிறங்கினாள். மூன்று மாடிப் படியும் ஒவ்வொன்றாகக் கேட்டது.

வீடு பழையபடி ஆயிற்று. மேல் வீட்டு டிவியில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். மதியம் தான் சாப்பிடவே இல்லை என்பது டயட் அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. நூற்றெண்பது கிராம் டப்பா சீட்டோடு ஃபிரிட்ஜில் அப்படியே இருந்தது. பசிக்கவில்லை. பூனையின் தாளில் 'மாலை 3.50: 60 கிராம், மிச்சம் 22' என்று எழுதினாள்.

மேஜையில் இரண்டு தம்ளரும் தொடப்படாமல் இருந்தன. சர்க்கரை இரண்டு ஸ்பூன் போட்டதை எடுத்தாள். ஆறி, மேலே ஆடை கட்டியிருந்தது. வாழ்க்கையில் அவள் டீயில் சர்க்கரை சேர்த்ததில்லை. நின்றபடியே, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல், முழுவதையும் குடித்தாள்.

தம்ளரைக் கழுவப் போகும்போது, கார் ஸ்டார்ட் ஆன சத்தம் கேட்டு வெகுநேரம் ஆகிறதே, போன சத்தம் கேட்கவில்லையே என்று ஜன்னலுக்கு வந்தாள். பேப்பர் சுமந்த நாற்காலியை நகர்த்திவிட்டுக் கீழே பார்த்தாள்.

கார் அங்கேயே இருந்தது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பழகுநர் பலகைக்குக் கீழே இரண்டு சிவப்பு விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. மகள் இன்னும் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.